முதல் சவிட்டிலேயே பிடிக்கணும்

லீலாபாய் அக்கா காரை எடுத்தால் எங்கள் சாலையில் யாரும் சன்னலைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை. சத்தமே சொல்லிவிடும். அடித்தொண்டையிலிருந்து ஒரு உறுமல், கியர் மாறும்போது ஒரு சின்னச் செருமல். குமரி மாவட்டத்துக் கருங்கல் ஊருக்குப் பக்கத்தில் சரிவான ஒரு சாலையின் மேல்முனையில் அவர்கள் வீடு. சரிவு முடிந்து சாலை வளைகிற இடத்தில் என் வீடு. எனவே நான் சொல்லப்போவதில் பாதி என் கண்முன்னால் நடந்தது. மீதியை அவரே சொல்லிக் கேட்டேன்.

அக்காவுக்கு வயது ஐம்பத்தெட்டு. தொலைபேசி அலுவலகத்தில் கவுன்டரில் இருந்தவர். போன் செத்துப்போய்விட்டது என்று கத்திக்கொண்டு வருகிறவர்களை உட்காரவைத்து, என்ன கோளாறு, எப்போதிலிருந்து, மழை பெய்த அன்றா மறுநாளா என்று நிதானமாகக் கேட்டே ஆளைக் குளிரவைத்துவிடுவார். விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தபோது எழுதிக்கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். அவர் கணவர் ரசலையன் அண்ணன் தேனீ வளர்ப்பவர். ரப்பர் மரங்கள் தளிர்க்கும் காலத்தில் தேன் பெட்டிகளைப் பேச்சிப்பாறைக்கு மேலே உள்ள தோட்டங்களுக்குக் கொண்டுபோய் வைப்பார். தேனீக்கள் எல்லாம் கூடு திரும்பிய பிறகு, இருட்டத் தொடங்கியதும்தான் பெட்டியை நகர்த்த முடியும். அண்ணனுக்கோ எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் பட்டால் கண் கூசிவிடும். அதனால் கல்யாணமான புதிதிலேயே அக்கா ஜீப் ஓட்டக் கற்றுக்கொண்டார். அந்த ஜீப்பை நானும் பார்த்திருக்கிறேன். பிரேக்கை மிதித்தால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் நிற்கும். அதில் பெட்டி ஏற்றிக்கொண்டு, இரண்டாம் கியரில், மலையில் ஏறி இறங்கியவர் அக்கா. பிறகு ஜீப் செத்தது. பெட்டிகள் டெம்போவில் போகத் தொடங்கின. அக்கா பஸ்ஸில் போகத் தொடங்கினார்.

இந்த நிலையில்தான் அவர்களின் ஒரே மகன் ஷாஜன் பெங்களூரிலிருந்து ஒரு நீலக் காரைக் கொண்டுவந்து வீட்டு முற்றத்தில் நிறுத்தினான். அவனுக்குக் கத்தாரில் வேலை கிடைத்திருந்தது. காரை விற்க மனம் வரவில்லை.

"அம்மா, இது சாதாரணக் கார்தான். ஓட்டாண்டாம். வாரத்துக்கு ஒருக்க அஞ்சு நிமிசம் ஸ்டார்ட் பண்ணி வச்சா போதும். பேட்டரி எறங்காம இருக்கதுக்கு" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினான்.

முதல் வாரம் அக்கா சொன்னபடியே செய்தார். சாவியைப் போட்டு, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, சத்தத்தைக் கேட்டுவிட்டு அணைத்தார். அடுத்த வாரம் முற்றத்துக்குள்ளேயே முன்னும் பின்னும் நகர்த்தினார். ஒரே இடத்தில் நின்றால் டயர் சப்பிப்போகும் என்று காரணம் சொன்னார். அதற்கடுத்து பெட்ரோல் போட வேண்டியிருந்தது. பெட்ரோல் பங்க் வரை போனவர், வழியில்தானே என்று சந்தைக்குப் போய் மீன் வாங்கி வந்தார். எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் நோயாளிகளைப் பார்க்கப் போகும் நாட்களில் அதுவரை ஆட்டோ பிடித்துக்கொண்டிருந்தார்கள். இப்போது நான்கு சகோதரிகள் நீலக் காரில் நெருக்கி உட்கார்ந்து போனார்கள். ஒரு நாள் ரசலையன் அண்ணனையும் ஏற்றிக்கொண்டு, பெட்டிகளைப் பார்க்கப் பேச்சிப்பாறைக்குக் கிளம்பினார்.

"குலசேகரம் தாண்டினப்பொறவு ரோடு காலியா கெடந்து. ஆக்சிலேட்டரக் கொஞ்சம் அமுக்கிச் சவிட்டினேன் செல்வா. வண்டி என்னைய சீட்டோட சேத்து ஒரு தள்ளு தள்ளிச்சு. பயம் வரணும்லா? வரல்ல. சிரிப்பாக்கும் வந்தது" என்று என்னிடம் சொன்னார். சொல்லும்போதும் சிரித்தார். பக்கத்தில் நின்ற அண்ணன் சிரிக்கவில்லை. அவருக்கு வளைவுகளில் வயிறு புரட்டும்.

வெள்ளிக்கிழமை தோறும் ஷாஜன் கூப்பிட்டு, "வண்டிய ஸ்டார்ட் பண்ணினியா அம்மா?" என்று கேட்பான். "பண்ணியாச்சு மோனே" என்பார் அக்கா. ஸ்டார்ட் பண்ணாமல் ஓட்ட முடியாது என்பதால் அதில் பொய் எதுவும் இல்லை.

இப்படி ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் போயின. ஒரு நாள் காலையில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. ரசலையன் அண்ணன் கண்ணாடி போட்டுக்கொண்டு காரோடு வந்த தடிப் புத்தகத்தைப் புரட்டி, பிரேக் பேட் தேய்ந்துவிட்டது என்று கண்டுபிடித்தார். அக்கா காரை நேரே முருகதாஸின் பட்டறைக்கு விட்டார்.

முருகதாஸ் முன்சக்கரத்தைக் கழற்றினான். சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் கவ்வி நிறுத்துகிற கட்டைதான் பேட். அதை உருவி எடுத்துப் பார்த்தவன் அக்காவைப் பார்த்தான்.

"எக்கா, இந்த வண்டிய ஓட்டுதது யாராக்கும்?"

"ஏன், நானாக்கும்."

"வெளையாடாதீங்க எக்கா. ஷாஜன் லீவுக்கு வந்தானா?"

"அவன் கத்தர்ல இருக்கான். நீ விசயத்தச் சொல்லு."

முருகதாஸ் பேடை அவர் உள்ளங்கையில் வைத்தான். தீக்குச்சி கனம்கூட மிச்சமில்லை. ஓரமெல்லாம் கருகி, இரும்பு நீலம் பாய்ந்திருந்தது. "சந்தைக்குப் போய்வந்தா இப்பிடி ஆவாது. இது மலை எறக்கத்துல நல்லா வெந்த பேடு" என்றான். அக்கா அதைத் திருப்பிப் பார்த்தார். ஜீப்பில் என்றால் இரண்டாம் கியரில் போட்டு, காலை எடுத்துவிட்டே இறங்கிவிடுவார். இந்தக் காரில் கியர் தானாக மாறிக்கொண்டதால் இறக்கம் முழுவதும் மிதித்துக்கொண்டே வந்திருக்கிறார்.

வண்டியின் சேசிஸ் நம்பரைச் சொல்லி நாகர்கோவிலிலிருந்து கம்பெனிப் பேட் வரவழைத்தார்கள். வந்தது. முருகதாஸ் வைத்துப் பார்த்தான். பெரியவர் செருப்புக்குள் பிள்ளை கால் வைத்தது போல இருந்தது. அவன் தட்டின் மேல் இருந்த எழுத்தைத் துடைத்துப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"எக்கா, இது கம்பெனி பிரேக்கே இல்ல. தம்பி மொத்தமா மாத்திப் பெரிய பிரேக்கு போட்டிருக்கான். என்ன பேடு பிடிக்கும்னு அவனிட்ட கேட்டாத்தான் தெரியும்."

அக்காவுக்கு வேறு வழி இல்லை. வெள்ளிக்கிழமை ஷாஜன் வீடியோவில் வந்தபோது நானும் அங்கே இருந்தேன். ரசலையன் அண்ணன் தேன் பெட்டிக் கொட்டகைக்குள் ஏதோ வேலை இருப்பதுபோல் போய்விட்டார்.

"மோனே, உனக்க காருல இருக்கது என்ன பிரேக்காக்கும்?"

"எதுக்கு அம்மா?"

"பேடு தேஞ்சு போச்சு."

"நிறுத்தி வச்சிருக்க வண்டியில பேடு எப்பிடித் தேயும்?"

"நான் ஸ்டார்ட் பண்ணுதேன் இல்லியா."

"ஸ்டார்ட் பண்ணினா பேடு தேயாது அம்மா."

"ஸ்டார்ட் பண்ணினப்பொறவு கொஞ்சம் ஓட்டுததும் உண்டு."

"கொஞ்சம்னா?"

"பேச்சிப்பாறை வரைக்கும்."

அவன் போனை எங்கோ சாய்த்து வைத்துவிட்டு இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். அக்கா காரைக் காட்டலாம் என்று போனை முற்றத்துப் பக்கம் திருப்பினார். அது வினையாகிவிட்டது.

"பின்சீட்டுல என்ன சாக்கு?"

"அப்பாவுக்க தேன் பெட்டி வச்ச சாக்கு."

"எனக்க காருக்குள்ள தேனீயா?"

"வெறும் பெட்டிதான் மக்கா. ஒரேயொரு தடவை மட்டும் தேனீயோட." அக்கா போனைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பிக்கொண்டார். தொலைபேசி அலுவலகக் குரல் வந்தது. "இப்பம் நீ சொல்லு. சாதாரணக் கார்னு சொன்னியே. இதுக்க பிரேக்கு சாதாரணக் காருக்க பிரேக்கு இல்லன்னு முருகதாஸ் சொல்லுதான். எஞ்சினும் அப்பிடித்தானா?"

இப்போது ஷாஜனின் முறை. எஞ்சினையும் கொஞ்சம் மாற்றியிருப்பதாகவும், பெங்களூரில் பந்தயக் கார் பட்டறை வைத்திருக்கும் தன் சேக்காளி ஜாஸ்பரோடு சேர்ந்து ராத்திரி பகலாக அந்த வேலையைச் செய்ததாகவும், சொன்னால் ஏசுவார்கள் என்று சொல்லவில்லை என்றும் மென்று விழுங்கிச் சொன்னான்.

கொட்டகைக்குள்ளிருந்து அண்ணன் வெளியே வந்தார். "அப்பம் அம்மையும் மோனும் ஒண்ணுபோல கள்ளம் சொல்லியிருக்கிய. நான் ஒருத்தனாக்கும் இந்த வீட்டுல யோக்கியன்" என்றார்.

முதலில் சிரித்தது ஷாஜன்தான். பிறகு அக்கா. சிரிப்பு அடங்கியதும் அவன் முகம் போனுக்கு வெகு அருகில் வந்தது. "அம்மா, உள்ளதச் சொல்லு. எவ்வளவு வேகம் போன?"

"உனக்கு அது எதுக்கு?" என்றார் அக்கா. ஆனால் அவர் முகத்தில் பதில் இருந்தது.

அதன் பிறகு ஷாஜனைப் பிடிக்க முடியவில்லை. தன் அம்மா மலை இறக்கத்தில் பேடை வேகவைத்துவிட்டார் என்று கத்தாரில் கூட வேலை பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டான். பேடும் அவனே தேர்ந்தெடுத்தான். பந்தயத் தடத்தில் ஓடும் கார்களுக்குப் போடுவது. எவ்வளவு சூடானாலும் பிடியை விடாது. தெருவில் ஓட்டுகிறவர்களுக்கு அது வேண்டாமே என்று ஜாஸ்பர் சொல்லிப் பார்த்தானாம். "எனக்க அம்மைக்கு நல்லதே போடணும் மக்கா" என்று ஷாஜன் பிடிவாதமாக இருந்தான். பெங்களூரிலிருந்து கூரியர் வந்தது. முருகதாஸ் மாட்டிக் கொடுத்தான்.

கூச்சல் அன்றைக்கே தொடங்கியது. மெதுவாக நிறுத்தும் ஒவ்வொரு தடவையும் நான்கு தெருவுக்குக் கேட்கும்படி கார் கிறீச்சிட்டது. சந்தையில் ஆட்டோக்காரர்கள் தாமாக விலகி வழிவிட்டார்கள். அது அக்காவுக்குப் பிடித்திருந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை நடந்தது பிடிக்கவில்லை. நாங்கள் எல்லோரும் கோயிலில் தலை குனிந்து மௌன ஜெபத்தில் இருந்தோம். போதகர் ஐயா இன்னும் ஆமென் சொல்லவில்லை. வெளியே, மதிலுக்குப் பக்கத்தில், அறுக்கப்படும் ஆடு மாதிரி நீளமாக ஒரு சத்தம். பிள்ளைகள் களுக்கென்று சிரித்தார்கள். போதகர் ஐயா ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். சற்று நேரத்தில் லீலாபாய் அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைப் பாதி மறைத்துக்கொண்டு கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தார்.

சத்தம் போனால் போகிறது என்று இருந்திருப்பார். ஆனால் அடுத்த வாரம் ஒரு விடிகாலையில் மழை பிடித்துக்கொண்டது. நான் வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். சங்கத்துச் சகோதரி நாகம்மையைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக அக்கா கிளம்பி வந்தார். நாகம்மை அம்மாளின் வீடு சந்திப்பில் இருந்ததால் காரில் அக்கா மட்டும்தான். சரிவில் உருண்டு வந்த கார் வளைவில் வேகம் குறைய வேண்டும். குறையவில்லை. அக்கா கண்ணாடிக்குப் பின்னால் இருக்கையை விட்டு எழும்பி மிதிப்பது தெரிந்தது. கார் வளையாமல் நேரே வந்து, என் வேலியைச் சாய்த்துக்கொண்டு, மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்துக்குள் இறங்கி, நான்கைந்து செடிகளைக் கிளறிப் போட்டுவிட்டு நின்றது.

நான் வாயில் நுரையோடு ஓடினேன். அக்கா கதவைத் திறந்து சேற்றில் காலை வைத்தார். அடி எதுவும் இல்லை. காருக்கும் ஒரு கீறலோடு சரி. கீழே கிடந்த கிழங்கை ஒரு தடவை பார்த்தார்.

"உனக்க மரச்சீனி நல்லா மூத்திருக்கு செல்வா. பறிக்க நேரமாச்சு கேட்டியா" என்றார்.

சொல்லிவிட்டாரே தவிர, என் வீட்டில் கொடுத்த சாயாவைக் குடிக்காமலே வைத்துவிட்டார். அன்று சாயங்காலம் நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது கார்ச் சாவி மேசையில் கிடந்தது. அக்கா அதைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"நாகம்மை உள்ள இருந்திருந்தா? செல்வனுக்க தோட்டத்துக்குப் பதிலா பள்ளிக்கூடத்துப் பிள்ளைய நின்னிருந்தா? எனக்கு இது வேண்டாம். மூடிப் போட்டிரலாம்" என்றார்.

ரசலையன் அண்ணன் தேனீக்களுக்குப் புகைபோடும் டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார். "ஏட்டி, அந்த ஜீப்பு ரெண்டு தடவை ஓடைக்குள்ள எறங்கிச்சு. அன்னைக்கு நீ ஓட்டுதத நிறுத்தினியா? பிரேக்கத்தானே சரியாக்கின? இப்பவும் பிரேக்குதான் கொள்ளாது. நீ கொள்ளாம், நல்லாத்தான் ஓட்டுத."

வளைவு வந்தால் வயிறு புரட்டும் மனிதர் இதைச் சொன்னார். அக்கா போனை எடுத்து, ஷாஜனை அல்ல, ஜாஸ்பரை நேரடியாகக் கூப்பிட்டார்.

அந்தப் பேச்சு வெகுநேரம் நடந்தது. ஜாஸ்பர் எதையும் மறைக்கவில்லை. பந்தயப் பேட் சூடானால்தான் கவ்வும், ஆறிக் கிடக்கும்போது வழுக்கும் என்றான். தடத்தில் ஓட்டுகிறவர்கள் முதலில் ஒரு சுற்று சுற்றிச் சூடாக்கிக்கொள்வார்களாம். வேறொரு வகை உண்டு, சத்தமே வராது, சக்கரத்தில் கரியும் படியாது, ஆனால் நீண்ட இறக்கத்தில் சூடேறினால் பிடி தளரும். இன்னொன்று இரண்டுக்கும் நடுவில்.

"நான் கேக்குததுக்குப் பதில் சொல்லு மக்கா" என்றார் அக்கா. "ராத்திரி முழுக்க மழையில நனஞ்சு நிக்கிற வண்டி. காலம்பற எடுத்த உடனே எறக்கம். முதல் சவிட்டிலேயே பிடிக்கணும். எது பிடிக்கும்?"

"கடைசி ரெண்டும் பிடிக்கும் ஆன்ட்டி."

"நாலு பேர ஏத்திக்கிட்டுப் பேச்சிப்பாறையில இருந்து எறங்கணும். எது தாங்கும்?"

"நடுவுல உள்ளது தாங்கும். ஆனா நீங்க மிதிச்சுக்கிட்டே வரப்பிடாது. ஸ்டியரிங்குக்குப் பின்னால சின்ன இலை மாதிரி ரெண்டு இருக்கும் பாருங்க. இடதுபக்கம் உள்ளதத் தட்டினா கியர் குறையும்."

"அத நான் இண்டிக்கேட்டர்னு நெனச்சு ஒருதரம் தட்டினேன், வண்டி ஒரு அலறு அலறிச்சு. அதுக்கப்பொறவு தொடவே இல்ல. செரி. கோயில் வாசல்ல சத்தம் போடுமா?"

ஜாஸ்பர் சிரித்துவிட்டான். "எப்பவாவது, லேசா. எனக்க கஸ்டமர் எல்லாரும் இருநூறுல இருந்து எத்தன மீட்டர்ல நிக்கும்னுதான் கேப்பாங்க. கோயில் வாசல யாரும் கேட்டதில்ல."

"அவங்க கோயிலுக்குப் போவ மாட்டாங்களா இருக்கும்" என்றார் அக்கா.

நடுவில் உள்ளது முடிவானது. ஷாஜனுக்கு மனக்குறை. அது சாதாரணமாக ஓட்டுகிறவர்களுக்கு உள்ளது, வண்டிக்கே அவமானம் என்றான். மரச்சீனித் தோட்டத்தில் நிற்கும் நீலக் காரின் படத்தை அக்கா அவனுக்கு அனுப்பினார். அவனே ஜாஸ்பரைக் கூப்பிட்டு அந்தப் பேடை அனுப்பச் சொன்னான்.

புதுப் பேட் வந்ததும் முருகதாஸ் தட்டில் ஒட்டியிருந்த பழைய கரியையெல்லாம் உரசி எடுத்தான். மாட்டி முடித்ததும் ஜாஸ்பர் போனில் சொன்ன பக்குவத்தை விளக்கினான். புதுப் பேட் தட்டோடு சரியாகப் படிய வேண்டும். அதற்குக் காலியான ரோட்டில் எண்பதில் போய், அழுத்தி மிதித்து இருபதுக்குக் குறைத்து, நிற்காமல் திரும்ப எண்பதுக்கு ஏற வேண்டும். இப்படிப் பத்துத் தடவை. "முக்கியமா, கடைசியில சூடா இருக்கும்போது பிரேக்க மிதிச்சு நிறுத்தப்பிடாது எக்கா. நிறுத்தினா தட்டுல தீஞ்சு ஒட்டிரும். பிரேக்கத் தொடாம கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிடணும்."

அதற்கு ஏற்ற ரோடு நாகர்கோவிலைத் தாண்டி ஆரல்வாய்மொழிப் பக்கம் இருக்கிற நான்கு வழிச்சாலைதான். ஒரு ஞாயிறு விடிந்தும் விடியாததுமாகக் கிளம்பினார்கள். பின்னால் வண்டி வந்தால் பார்த்துச் சொல்ல நான் பின்சீட்டில். முன்னால் ரசலையன் அண்ணன், கையில் ஒரு எலுமிச்சம்பழம்.

காற்றாலைகள் சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருந்தன. கண்ணுக்கெட்டிய தூரம் வண்டி இல்லை. "போவட்டா?" என்றார் அக்கா. போனார். கார் பாய்ந்தது, மிதித்தார், மூவரும் முன்னால் சாய்ந்தோம். மறுபடி பாய்ந்தது, மறுபடி சாய்ந்தோம். ஐந்தாவது தடவை அண்ணன் எலுமிச்சம்பழத்தைக் கடிக்கத் தொடங்கினார். எட்டாவது தடவை கண்களை மூடிக்கொண்டார். காருக்குள் தீய்ந்த வாசம் வந்தது. அது வந்தால்தான் சரி என்று முருகதாஸ் சொல்லியிருந்தான்.

பத்தாவது முடிந்தபோது பின்னால் ஒரு ஜீப் தெரிந்தது. நெடுஞ்சாலை ரோந்து போலீஸ். வெகுநேரமாக இந்தக் கூத்தைப் பார்த்திருப்பார்கள் போல. விளக்கைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து, ஓரமாக நிறுத்தும்படி கை காட்டினார்கள். அக்கா கண்ணாடியை இறக்கினார். நிறுத்தவில்லை. மாட்டுவண்டி வேகத்தில் உருட்டிக்கொண்டே தலையை வெளியே நீட்டினார்.

"சார், இப்பம் நிறுத்தப்பிடாது! பேடு சூடா இருக்கு! ஆறினப்பொறவு நிறுத்துதேன். கூடவே வாங்க!"

ஜீப்பில் இருந்த எஸ்.ஐ.க்கு ஒன்றும் புரியவில்லை. அவர் காருக்குள் எட்டிப் பார்த்தார். முன்சீட்டில் வெளிறிப்போன ஒரு மனிதர், வாயில் பாதி எலுமிச்சம்பழத்தோடு, வயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். பின்சீட்டில் நான், இரண்டு கையாலும் மேலே உள்ள பிடியைப் பற்றிக்கொண்டிருக்கிறேன்.

"ஐயா, உங்களுக்கு ஏதாவது பிரச்சினையா? இந்த அம்மா யாரு?" என்று ஒலிபெருக்கியில் கேட்டார்.

அண்ணன் எலுமிச்சம்பழத்தை எடுத்துவிட்டு, இருந்த சக்தியையெல்லாம் திரட்டிக் கத்தினார். "எனக்க பொண்டாட்டியாக்கும் சார்!"

ஜீப் எங்களோடு கூடவே வந்தது. நாங்கள் முன்னால், அவர்கள் பக்கவாட்டில், ஊர்வலம் போலப் போனோம். ஒரு மேட்டில் ஏறும்போது அக்கா காலை எடுத்துவிட, கார் தானே வேகம் குறைந்து, மூச்சு விட்டது போல நின்றது. அண்ணன் கதவைத் திறந்து நேரே புல்லுக்குப் போனார். எஸ்.ஐ. இறங்கி வந்தார். சட்டையில் கிருஷ்ணமணி என்று பெயர் இருந்தது. உரிமம், பதிவுப் புத்தகம் எல்லாவற்றையும் பார்த்தார். அக்கா நடந்ததை முதலிலிருந்து கவுன்டர் குரலில் விளக்கினார். மரச்சீனி வரைக்கும் சொன்னார். எஸ்.ஐ. முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ள முயன்று, மௌன ஜெபத்துக் கதை வந்த இடத்தில் சிரித்துவிட்டார்.

"இனிமே இந்த மாதிரி சோதனைக்கு நடுரோட்டுக்கு வராதீங்க மேடம். போலீஸ் நிறுத்தச் சொன்னா கூடவே வாங்கன்னு சொன்ன முதல் ஆளு நீங்கதான்" என்று சொல்லிவிட்டு, போகும்போது குனிந்து சக்கரத்துக்குள் பார்த்தார். "பெரிய பிரேக்குதான்" என்று தன் டிரைவரிடம் சொன்னது எங்களுக்குக் கேட்டது.

அன்று மதியமே அக்கா பேச்சிப்பாறைக்குப் போனார். இறங்கும்போது இடதுபக்க இலையைத் தட்டித் தட்டி, ஜீப்பில் வந்தது போலவே கியரில் இறங்கியதாகச் சொன்னார். வளைவுகளில் மட்டும் பிரேக்கைத் தொட்டுக்கொண்டாராம். கீழே வந்து நிறுத்தி, இறங்கி, சக்கரத்துக்குப் பக்கத்தில் கையைக் காட்டிப் பார்த்தார். சூடு இருந்தது. தீய்ந்த வாசம் இல்லை. அடுத்து வந்த மழைக்காலம் முழுவதும் அந்தச் சரிவில் கார் காலையில் இறங்குவதை நான் என் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வளைவுக்கு முன்னால் காரின் மூக்கு ஒரு தடவை தாழும். கார் அடங்கித் திரும்பும். வேலியை நான் சரிசெய்துவிட்டேன். தோட்டத்து மரச்சீனியை அவித்து, மீன்கறியோடு இரண்டு வீட்டாரும் தின்று தீர்த்தோம்.

கிறிஸ்துமஸுக்கு ஷாஜன் விடுமுறையில் வந்தான். திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு அக்காதான் காரோடு போனார். அவன் பெட்டிகளை ஏற்றிவிட்டுச் சாவிக்குக் கையை நீட்டினான்.

"ராத்திரி முழுக்க உறங்காம வந்திருக்க. அங்கின போய் இரி" என்றார் அக்கா.

அவன் தன் சொந்தக் காரில் முதல்முறையாக இடதுபக்க இருக்கையில் உட்கார்ந்தான். நெய்யாற்றின்கரை வரை அவன் வலது கால் கீழே இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்ததாம். களியக்காவிளை நெரிசலில், காய்கறி ஏற்றிய ஒரு லாரி பக்கவாட்டிலிருந்து திடீரென்று மூக்கை நீட்டியது. அக்கா மிதித்தார். கார் சத்தமில்லாமல், ஆடாமல், லாரிக்கு ஒரு கை தள்ளி நின்றது. லாரிக்காரர் மன்னிப்புக் கேட்பதுபோல் கையைத் தூக்கினார். அக்காவும் கையைத் தூக்கிவிட்டு அவருக்கு வழிவிட்டார்.

"கொள்ளாம் அம்மா, நல்ல பேடு" என்றான் ஷாஜன்.

"பேடு மட்டுமா?" என்று கேட்டார் அக்கா. கொஞ்சம் பொறுத்துத் திரும்பிப் பார்த்தார். கார் குழித்துறைப் பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தது. ஷாஜன் கண்ணாடிப் பக்கம் தலையைச் சாய்த்து, கால்களை நீட்டி, வாயைத் திறந்தபடி தூங்கிப்போயிருந்தான். அக்கா ஏசியைக் குறைத்துவிட்டு, அவன் எழும்பாத அளவுக்கு மட்டும் வேகம் கூட்டினார்.